காட்டுத் தக்காளியின் நோய் எதிர்ப்பைப் பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவருவது ஏன் இவ்வளவு கடினம்?

எந்தக் காட்டினத்தோடு கலக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. எல்லாவற்றுக்கும் 24 குரோமோசோம்கள்தான். ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் இரு திசையிலும் எளிதாகச் சேரும். பெனெல்லி, ஹப்ரோகைட்டிஸ் இனங்கள் என்றால் பயிர்த் தக்காளியையே தாய்ச்செடியாக வையுங்கள். திசையை மாற்றினால் மகரந்தக் குழாய் சூல்தண்டிலேயே நின்றுவிடும். பூ விரிவதற்கு முந்தைய நாளே மகரந்தப் பைகளை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தன் மகரந்தமே முந்திக்கொள்ளும்.

பெருவியானம், சிலென்ஸ் என்ற இரு காட்டினங்களும் முரண்டு பிடிப்பவை. காய் பிடிக்கும், ஆனால் கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை சிதைந்து கரு பட்டினியில் சாகும். ஏறக்குறைய நான்காவது வாரத்தில் கருவைப் பிரித்து ஆய்வகத்தில் சத்து ஊடகத்தில் வளர்த்தால்தான் செடி கிடைக்கும். வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் எம்ஐ-1 மரபணு 1940களில் இப்படித்தான் பெருவியானத்திலிருந்து வந்தது.

அடுத்தது பிற்கலப்பு, அதாவது கலப்புச் செடியை மீண்டும் மீண்டும் பயிர்த் தக்காளியோடு கலப்பது. ஒவ்வொரு முறையும் காட்டுப் பங்கு பாதியாகும். ஆறு முறைக்குப் பின் சராசரியாக 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்தச் சராசரிதான் ஏமாற்றும். தேர்ந்தெடுக்கும் மரபணுவை ஒட்டிய துண்டு கூடவே வரும். வைரஸை எதிர்க்கும் டிஎம்-2 மரபணு கொண்ட ஒரு ரகத்தில், 11 பிற்கலப்புக்குப் பிறகும் 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கை முழுவதும் காட்டினத்துடையதாகவே இருந்தது. எந்தத் துண்டு காட்டினத்துடையது என்று காட்டும் டிஎன்ஏ குறிப்பான்களால், ஒரு தலைமுறையில் மரபணுவின் ஒரு பக்கத்திலும், அடுத்ததில் மறுபக்கத்திலும் துண்டு அறுந்த செடிகளைப் பிடியுங்கள்.

எம்ஐ-1 இருந்தும் வேரில் முடிச்சு வந்தால், உடனே விதையைக் குறை சொல்லாமல் மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும்.