தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் என்ன தேதி?

கேள்வி: தாத்தா நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1971-இல் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தும் இந்தியா வரவில்லை. அப்பா அங்கே 1973-இல் பிறந்தார். 1990-இல் குடும்பம் படகில் வந்தது. நான் 1994-இல் முகாமில் பிறந்தேன். இரண்டு நாடும் எங்களை ஏன் கைவிட்டன? சிஏஏ-வில் குடியுரிமை வாங்கித் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சிஏஏ எனும் 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லவே இல்லை. ஆதார் எடுத்துக் கொடுத்து "இதுதான் குடியுரிமை" என்பவரையும் நம்பாதீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. பிறந்த ஊரை மாற்றிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவர் இன்னும் ஆபத்து. பொய்த் தகவலுக்குப் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை, குடிமகனல்லாதவர் என்று கருதினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மாட்டுவது விண்ணப்பித்த நீங்கள்.

ஏன் கைவிட்டன என்றால், 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இவர்கள் இந்தியாவின் பொறுப்பு என்றது கொழும்பு. இலங்கையின் பொறுப்பு என்றார் நேரு. அவர் மறைந்தபின், 1964 அக்டோபர் 30-இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1984-இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. பிரஜாவுரிமை கிடைத்தும் வர முடியாதவர்கள் பின்னால் படகில் வந்தபோது எல்லோரையும் "அகதி" என்றே பதிந்துகொண்டார்கள். ஒப்பந்தத்தில் வந்தவரா என்று அன்றே ஒரு வரி கேட்டு எழுதியிருந்தால் இத்தனை ஆண்டு வழக்கும் அலைச்சலும் தேவையா?

உங்கள் வழக்கு தேதியில் நிற்கிறது. 1950 ஜனவரி 26 முதல், 1992 டிசம்பர் 10-க்குமுன் வெளிநாட்டில் பிறந்தவருக்கு, பிறந்த அன்று தந்தை இந்தியக் குடிமகனாக இருந்தால் வம்சாவளிக் குடியுரிமை உண்டு. தாத்தாவின் பதிவு 1971, அப்பாவின் பிறப்பு 1973, வரிசை சரி. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும். 1994-இல் பிறந்த நீங்கள் இதில் வருகிறீர்கள்.

இதைக் கெடுப்பது ஒன்று உண்டு, கவனமாகப் படியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக ஏற்றால் குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விடும். அந்நாட்டுப் பாஸ்போர்ட்டே அதற்கு ஆதாரமாகிவிடும். நீங்கள் பிறப்பதற்குமுன் அப்பா இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் சங்கிலி அங்கேயே அறும். பின்னால் எடுத்திருந்தால் அவர் உரிமை போகும், உங்களுடையது போகாது. "பேப்பருக்குத்தானே" என்று இலங்கைத் துணைத் தூதரகப் படிவம் நீட்டுவார்கள். ஒரு வழக்கறிஞர் பார்க்காமல் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் வேலை தாத்தாவின் பதிவுப் பத்திரம் அல்லது பழைய இந்தியப் பாஸ்போர்ட். தொலைந்திருந்தால் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்துக்கும், கொழும்புத் தூதரகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தாத்தா பெயர், அவர் தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், பதிவான ஆண்டு எல்லாம் இருக்கட்டும். தோட்டப் பதிவில் பெயரை வெவ்வேறு எழுத்தில் எழுதியிருப்பார்கள். எல்லா வடிவத்தையும் குறிப்பிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்காதீர்கள், அது குடிமக்களுக்கு மட்டும் என்று திருப்பிவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், நீதிமன்றம் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.