ஷீட்டை மூடுங்கள், பேஸைக் கேளுங்கள்: கோர்ட் கேள்வி பதில்

கல்யாண வீடு, கோயில் திருவிழா, நுவரெலியா ஹோட்டல் என்று 20 வருடமாகக் கீபோர்ட் வாசிக்கிறேன். பாட்டுக்குப் பின்னால் சேர்த்து வாசிக்கிற சுரக்கூட்டம் இருக்கிறதே, அந்தக் கோர்ட் (chord) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டேன், ஊர் ஊராகக் கேள்வி வந்து இப்போது மாட்டிக்கொண்டேன்.

ஹட்டன்: நெட்டில் எடுத்த கோர்ட் கரோக்கி ட்ராக்கோடு சேரவே இல்லை. ஈ மைனரும் கசக்கிறது, எஃப் மைனரும் கசக்கிறது. கிட்டார் ட்யூனரில் சரியாகத்தான் காட்டுகிறது அண்ணே.

தம்பி, கிட்டாரும் சரி, கோர்ட்டும் சரியாக இருக்கலாம், ட்ராக்தான் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் தொங்குகிறது. பழைய பாட்டு நிறைய கேசட்டிலிருந்து எடுத்து நெட்டில் ஏற்றியவை. டெக் வேகமாக ஓடினால் சுருதியும் கூடவே ஏறும். சுமார் 6 சதவீதம் கூடினால் கீபோர்டில் அடுத்த கட்டைக்கே போய்விடும், 3 சதவீதம் என்றால் இரண்டுக்கும் நடுவில். ட்யூனர் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துப் பார்க்கிறது, அந்த ட்ராக்கிலோ ஏ 453 பக்கம் நிற்கும், எப்படிச் சேரும்? ஒடாசிட்டி என்ற ஒலி எடிட் செய்கிற மென்பொருள் இலவசம்தான், அதில் போட்டு வேகத்தை 3 சதவீதம் குறைத்துப் பாருங்கள். காப்புரிமையில் பிடிபடாமல் இருக்க வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு. கோர்ட் ஷீட் எழுதியவனைத் திட்டும் முன் ட்ராக்கைப் பாருங்கள்.

பண்டாரவளை, சர்ச் கொயரிலிருந்து: பாட்டைக் கேட்டு கோர்ட் சொல்லும் ஆப் ஒரு இடத்தை சி என்கிறது, எங்கள் மாஸ்டர் ஏ மைனர் செவன்த் என்கிறார். யார் சரி?

தங்கச்சி, சி மேஜரோடு ஏ-யைச் சேர்த்தால் சி சிக்ஸ்த், அதாவது சி, ஈ, ஜி, ஏ. ஏ மைனர் செவன்தில் ஏ, சி, ஈ, ஜி. நாலும் அதே சுரங்கள்தான். எது என்று தீர்மானிப்பது அடியில் நிற்கும் பேஸ் (bass), அதாவது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் தடித்த சுரம், ஆப் பல நேரம் கோட்டை விடும் இடமும் அதுதான். போன் ஸ்பீக்கரில் பேஸ் வரவே வராது, அதுவும் தகரக் கூரையில் மழை கொட்டும்போது கோர்ட் பிடிக்க உட்காராதீர்கள். ஹெட்போன் போட்டு, பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பாருங்கள், பிறகு கட்டையில் தேடுங்கள். நெட் ஷீட்டில் சி, ஜி, ஏ மைனர் என்று போட்டிருக்கும், பாட்டிலோ பேஸ் சி, பி, ஏ என்று படி இறங்கும், ஜி கோர்ட்டுக்கு அடியில் பி. அந்த பி-யை விட்டால் பாட்டே சப்பென்று போய்விடும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும், அங்கே ஷீட்டை நம்பினால் கதை முடிந்தது.

ஏ மைனர் பாட்டில் ஈ மைனரா, ஈ மேஜரா?

மெட்டில் ஜி ஷார்ப் வந்தால் ஈ மேஜர். கீரவாணி ராகப் பாட்டு எல்லாம் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு பைலா, கோர்ட் அனுப்புங்கள்.

முக்கால்வாசி பைலாவுக்கு மூன்று கோர்ட் போதும், டி என்றால் டி, ஜி, ஏ செவன்த். கை 6/8 தாளத்தில் ஆடட்டும்.

தலவாக்கலை: ட்ராக்கோடு கோர்ட் சேரவில்லை.

ஹட்டன் தம்பிக்குச் சொன்னதே.

மஸ்கெலியா: எங்கள் மலையகத்துக் காமன் கூத்துப் பாட்டுக்கு கோர்ட் போட்டு ட்ராக் செய்யப் போகிறோம். என்ன கோர்ட்?

எனக்கு மனமில்லை. அந்தப் பாட்டுகள் நாலைந்து சுரத்துக்குள் சுற்றுகிறவை. பெரியவர்கள் பாடும்போது காந்தாரம், அதாவது ச ரி க-வில் வரும் 'க', மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் வழுக்கும். நீங்கள் மேஜர் கோர்ட் போட்டால் பாடுகிறவர் தப்பாகப் பாடுகிற மாதிரி ஆகிவிடும்.

உடனே பதுளையிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்தார்: "அப்படியென்றால் பழையதைப் பெட்டியில் பூட்டி வைப்பதா? எங்கள் பிள்ளைகள் கிட்டாரோடுதான் கேட்பார்கள்." பூட்டச் சொல்லவில்லை ஐயா. கிட்டார் வேண்டுமென்றால் சா, பா இரண்டு மட்டும் பிடியுங்கள், நடுச் சுரத்தை விடுங்கள், அதைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார். நாலு வரிக்கு நாலு கோர்ட் மாற்றுகிற ஆசைதான் ஆகாது.

அதற்கும் அவர் விடவில்லை, சினிமாவில் நாட்டுப்புற மெட்டுக்கு கோர்ட் போடவில்லையா என்றார். போட்டார்கள்தான், ஆனால் கோர்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி மெட்டையும் நேராக்கிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கூத்தில் பாடுவது அது இல்லை.

நடுவில் கொட்டகலையிலிருந்து தப்பு மேளம் அடிக்கிற ஒரு பெரியவர் கேட்டதுதான் எங்கள் இரண்டு பேரையும் வாயடைத்தது: "தப்பை நெருப்பில் காட்டினால் சத்தம் ஏறும், பனியில் இறங்கும், மறுபடி காட்டுவோம். பாடுகிறவனும் ராத்திரி போகப் போகத் தூக்கிப் பாடுவான். உங்கள் ட்ராக் எந்தச் சுருதியில் நிற்கும்?" எனக்குப் பதில் இல்லை ஐயா. மஸ்கெலியா தம்பிமாரே, முதலில் ஒரு ராத்திரி கூத்தை அப்படியே பதிவு செய்யுங்கள், அந்தக் குரலுக்குக் கிட்டாரை ட்யூன் செய்யுங்கள். 440-ஐ அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

ட்ராக்கோடு கோர்ட் சேரவில்லை, ஸ்கேல் சொல்லுங்கள் அண்ணே.

எந்தப் பாட்டு என்றாவது சொல்லுங்கள் தம்பி.