பெர்லின் வந்தால் ராணி போய்விடுகிறதே, ஓப்பனிங்கை மாற்றணுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சென்னையில் வார இறுதி ரேப்பிட் (குறைந்த நேர) செஸ் போட்டிகளில் ஆடுகிறாள். வெள்ளையில் எப்போதும் ருய் லோபஸ் ஓப்பனிங்தான் (மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை பி5-க்குக் கொண்டுவரும் தொடக்க முறை). எதிரே கறுப்பு பெர்லின் டிஃபென்ஸ் என்ற தற்காப்பை ஆடினால் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. வேறு ஓப்பனிங் கற்றுக்கொடுக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாங்க. ஒரே ஒரு நகர்த்தலை மாற்றினால் போதும்.

பெர்லினில் கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து இ4 சிப்பாயைக் குறிவைக்கிறது. உங்கள் மகள் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) செய்கிறாள், கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. அப்புறம் ராணி வெட்டு வரை நேர் பாதைதான். 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக் இந்த டிஃபென்ஸால்தான் காஸ்பரோவின் வெள்ளைக் காய்களைத் திணறடித்தார்.

2013 நவம்பரில் நம்ம சென்னையில் நடந்த ஆனந்த்–கார்ல்சன் உலக சாம்பியன் போட்டியில் இரண்டு வழியுமே வந்தன. நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் கேஸ்லிங் செய்தார். ராணிகள் போன பிறகும் கார்ல்சன் துணிந்து ஏ2 சிப்பாயைப் பிடுங்க, 64 நகர்த்தல் வரை இழுத்துத்தான் டிரா ஆனது. சப்பென்ற ஆட்டமா அது? ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் நான்காவது நகர்த்தலாக கேஸ்லிங்குக்குப் பதில் டி3 வைத்தார், அதாவது டி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். இ4-க்குக் காவல் கிடைத்தது, ராணிகளும் பலகையில் நின்றன. அந்த ஆட்டத்தில் அவர் தோற்றது யானை எண்ட்கேமில் (யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில்). டி3 மேல் பழி போட வேண்டாம்.

ஆகவே போட்டிக்கு டி3. தொடர்ந்து சி3, கேஸ்லிங், யானை இ1. பி1 குதிரை டி2, எஃப்1 வழியாக ஜி3-க்குப் போகட்டும். மனப்பாடம் அதிகமில்லை.

ஒரு பொறி மட்டும் உண்டு. டி3-க்குப் பதிலடியாகக் கறுப்பு சி6 குதிரையை இ7-க்கு இழுத்தால் இ5 சிப்பாய் ஓசியில் கிடைப்பதுபோல் தெரியும். குதிரையால் வெட்டினால் கறுப்பு சிப்பாயை சி6-க்குத் தள்ளும். பிஷப் ஏ4-க்கு ஒதுங்கியதும் கறுப்பு ராணி ஏ5-இல் வந்து செக் கொடுத்து இ5 குதிரையை அள்ளிவிடும். வெட்டாமல் பேசாமல் கேஸ்லிங் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் ராணியில்லாத நிலையையும் ஆடிப் பழகட்டும். கறுப்புக்கு கேஸ்லிங் போச்சு, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்; ஈடாக இரண்டு பிஷப் இருக்கின்றன. வெள்ளைக்கு ராஜா பக்கம் மூன்றுக்கு எதிராக நான்கு சிப்பாய்கள். அதனால் காய்கள் குறையக் குறைய லாபம் வெள்ளைக்குத்தான். முதலில் அந்த பிஷப்களில் ஒன்றையாவது வெட்டிக்கொள்ளப் பார்க்கணும்.