வாசகர் கேள்வி பதில்: சீன இராணுவம் செய்து வைத்த மலைநாடு

கேள்வி: சீனாவில் இராணுவம் ஒரு பெரிய வெளியில் மலை, ஏரி, பள்ளத்தாக்கு எல்லாம் வைத்து மாதிரி நிலம் ஒன்று கட்டியிருப்பதாக மகன் கூகுள் ஏர்த்தில் காட்டினான். இது என்னத்துக்கு? இந்தியாவோடு சண்டை பிடிக்க ஒத்திகையா?
- ஒரு வாசகி, மல்லாவி

பதில்: மகன் காட்டியது உண்மைதான். நிங்சியா தன்னாட்சிப் பகுதியில், யின்சுவான் நகரத்துக்குப் பக்கத்தில், ஹுவாங்யாங்டான் என்ற ஊரில் இருக்கிறது. 2006இல் கூகுள் ஏர்த்தைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில்தான் முதலில் பட்டது. நீளம் ஏறக்குறைய 900 மீற்றர், அகலம் 700 மீற்றர். அந்த மலைகள் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று தேடிப்போனவர்கள், அது 2,400 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் அக்சாய் சின் பகுதியை 500இல் ஒரு பங்காகச் சுருக்கியது என்று பொருத்திக் காட்டினார்கள். அக்சாய் சின் சீனாவின் கையில் இருக்கிறது, இந்தியா தன்னுடையது என்கிறது, 1962இல் இரண்டு நாடும் அங்கே மோதிக்கொண்டன. பக்கத்தில் சிவப்புக் கூரைக் கட்டடங்களும் வரிசையாக இராணுவ லொறிகளும் தெரிவதால் யாரோ பொழுதுபோக்குக்குச் செய்த பூங்கா என்றும் தள்ளிவிட முடியாது.

அப்புறம் கிளம்பியதுதான் ஊகங்கள். டாங்கி ஓட்டிப் பழகும் இடம் என்றார்கள், ஹெலிகொப்டர் விமானிகளுக்குப் பயிற்சி என்றார்கள். இந்த இரண்டையும் 500 என்ற ஒரே எண்ணை வைத்து நாமே சோதித்துப் பார்க்கலாம். பத்து மீற்றர் நீளமான டாங்கியை அந்த மாதிரிக்குள் விட்டால் அது ஐந்து கிலோமீற்றர் நீளமான டாங்கி, ஒரு பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஹெலிகொப்டர் இருபது மீற்றர் உயரத்தில் நின்றால் அது பத்து கிலோமீற்றர் உயரம், அவ்வளவு உயரத்தில் எந்த விமானியும் ஹெலிகொப்டரில் வேலை செய்யப் போவதில்லை, போதாததற்கு அது கிளப்புகிற காற்றில் செய்து வைத்த மலையும் தேய்ந்துபோகும். ஆனால் ஓர் ஆள் ஓரத்தில் நின்று பார்த்தால் அவர் கண் ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆயிரம் மீற்றர் மலை அவருக்கு முன்னால் இரண்டு மீற்றர் மேடாகத் தெரிகிறது. எந்தக் கணவாயால் போகலாம், எந்த முகட்டில் நின்றால் எது மறையும் என்பதெல்லாம் நடந்து நடந்தே பிடிபடும். என் கணிப்பு இதுதான்: அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டுபோய் நிலத்தைப் படிப்பிக்கும் இடம். நாலாயிரம் மீற்றருக்கு மேலே மூச்சு முட்டுகிற ஊருக்கு அனுப்பமுதல் கீழே வைத்துக் காட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: மாதிரி செய்தாலே அடிக்கத்தான் என்றுதானே எங்கள் பக்கத்தில் நினைப்போம்? நீங்கள் என்ன படிப்பு என்கிறீர்கள்?
- புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு அப்படி நினைக்காவிட்டால்தான் அதிசயம், ஐயா. தாக்குதலுக்கு முன்னால் மாதிரி செய்வது உண்டுதான். 1917இல் பெல்ஜியத்தில் மெசின் மேட்டைப் பிடிக்கமுதல் பிரித்தானியப் படை பெரிய மாதிரி செய்து சிப்பாய்களுக்குக் காட்டியது. ஆனால் அதே மெசினின் மாதிரியை 1918இல் இங்கிலாந்தின் புரொக்டன் முகாமில் நியூசிலாந்துப் படையினர் ஜெர்மன் கைதிகளையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள், சண்டை முடிந்து அடுத்த வருடம்! பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 600இல் ஒரு பங்காகச் செய்வித்த கோட்டை மாதிரிகளிலோ பெரும்பாலானவை அவருடைய சொந்த எல்லைக் கோட்டைகள். பிடிக்க நினைக்கிற நிலத்துக்குத்தான் மாதிரி வேண்டும் என்றில்லை, வைத்திருக்கிற நிலத்தைக் காக்கவும் வேண்டும். திபெத்தையும் சின்ஜியாங்கையும் இணைக்கும் சீனாவின் தெரு அக்சாய் சின் வழியாகத்தான் போகிறது. அதற்காக எண்ணம் சுத்தம் என்று சான்றிதழும் கொடுக்க மாட்டேன். அந்தச் சீன மாதிரி காட்டுவது 450க்கு 350 கிலோமீற்றர் நிலம், அக்சாய் சின்னைப்போல நாலு மடங்கு, அதாவது சுற்றியுள்ளதையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு வன்னியை இப்படிச் செய்யலாமா?
- மாணவர்கள், மாங்குளம்

பதில்: சீனாக்காரரின் அளவில் வேண்டாம் பிள்ளைகளே, கிளிநொச்சியிலிருந்து வவுனியாவே 150 மீற்றர் வந்துவிடும், அதிபர் விளையாட்டு மைதானம் தரமாட்டார். நில அளவைத் திணைக்களத்தின் 50,000இல் ஒரு பங்கு வரைபடத்தை வைத்துச் செய்தால் அந்தத் தூரம் ஒன்றரை மீற்றர்தான், இரண்டு மேசை போதும். ஒரு சிக்கல் இருக்கிறது. வன்னி தட்டை நிலம், அந்த அளவில் நூறு மீற்றர் உயரம் இரண்டு மில்லிமீற்றர். ஆகவே உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிவிட்டு, கூட்டியிருக்கிறோம் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். குளங்களையும் காட்டையும் சரியாக வைத்தால் பாதி வேலை முடிந்தது.