தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குத் திண்டுக்கல் பக்கம். ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஏப்ரல் கடைசியில் இங்கே ஜெர்மனிக்கு வந்தேன், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் ப்ளூ கார்டில் இருக்கிறார் (படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான தங்கும் அனுமதி), நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது. பேங்க், டாக்டர், கடை, கடிதம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். நான் சமைப்பேன், அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது நாலரைக்கே இருட்டிவிடுகிறது, லைட்டைக்கூடப் போடாமல் சோபாவில் உட்கார்ந்து கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வந்ததும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுகிறேன், அப்புறம் அழுகிறேன். அம்மாவிடம் சொன்னால் "உனக்கென்னடி குறை" என்பார். குறை எதுவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏழு மாதம் ஆகியும் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாதிரியே இருக்கிறது. இது எப்போது அக்கா என் வீடு ஆகும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த லைட் போடாத அறையும் சோபாவும் எனக்கு அவ்வளவு பழக்கமானவை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதே ஸ்டுட்கார்ட் பக்கம்தான் வந்து இறங்கினேன், அதுவும் நவம்பரில்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கட்டிடத்துக் கீழ்வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? கணவர் பெயர் இருக்கும், எனக்குத் தெரியும். உங்கள் பெயர்? நம் ஆட்களுக்கு இது பெரிய சிக்கல், ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் உங்களுக்கு உங்கள் அப்பா பெயர் இருக்கும், அவருக்கு அவர் அப்பா பெயர் இருக்கும், இந்த ஊர்க்காரர் பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர். இங்கே நம் ஊர் மாதிரி வீட்டு எண் போட்டு, மாடி எண் போட்டு யாரும் கடிதம் அனுப்புவதில்லை, தெருவும் கட்டிட எண்ணும் பெட்டியின் மேல் இருக்கும் பெயரும்தான் முகவரி. பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் வந்த புதிதில் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அழைப்புக் கடிதம் அப்படித்தான் திரும்பிப் போனது, அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. இரண்டு மாதமும் நான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு ஒன்றும் இல்லை, பெட்டியில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். என் கணவர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினார். அன்றைக்கு அதைத் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் இன்றைக்கே கீழே போய்ப் பாருங்கள். பெட்டியிலும் காலிங்பெல்லிலும் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பெட்டியின் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாடு கடிதத்தில்தான் நடக்கிறது, வருகிற கடிதத்தைப் பிரிப்பவருக்குத்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். கரண்டு பில், இன்சூரன்ஸ், வீட்டுக்காரர் கடிதம், எல்லாவற்றையும் நீங்கள் பிரியுங்கள். போனில் படம் எடுத்தால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். முதல் மாதம் ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

விருந்தாளி என்று எழுதியிருக்கிறீர்களே, அது மிகச் சரியான சொல். விருந்தாளியிடம் யாரும் எந்த வேலையும் சொல்ல மாட்டார்கள். என் அம்மா குளித்தலையில் பிறந்தவர், காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர். அரவக்குறிச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். அங்கே கிணறெல்லாம் உப்பு. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, முடி கொட்டியது என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் போன மறுநாள் காலையிலேயே குடத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள், நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் என்று நாத்தனார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், ஒரு மாதத்தில் ஊரில் பாதிப்பேரை அம்மாவுக்குத் தெரியும். அந்த வேலைப்பளுவை நான் மெச்ச மாட்டேன், அது அம்மாவின் முதுகை முறித்தது. ஆனால் போன இடம் அவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டது, அதைக் கொடுக்கக் கொடுக்கத்தான் அவர் அந்த ஊர்க்காரர் ஆனார். உங்களிடம் உங்கள் ஊர் இதுவரை எதையும் கேட்கவில்லை. உங்கள் கணவர் அன்பினால் எல்லாவற்றையும் குறுக்கே நின்று வாங்கிக்கொள்கிறார், அதில் உங்களுக்கு வர வேண்டியதும் போய்விடுகிறது.

என்னிடம் முதன்முதலில் ஒன்றைக் கேட்டது ஒரு பலகை. வந்து மூன்று வாரம் இருக்கும், ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தால் வெளியே கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு சின்ன மரப்பலகை தொங்குகிறது, அதில் ஒரே ஒரு சொல். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. மசாலா வாசனைக்கோ மிக்ஸி சத்தத்துக்கோ யாரோ புகார் எழுதி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கணவர் வரும்வரை வெளியே வரவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டு, "கேர்வோஹெ, இந்த வாரம் படிக்கட்டு கூட்டுகிற முறை நம்முடையது" என்றார். இந்த ஷ்வாபியப் பகுதியின் பழக்கம் அது. உங்கள் கட்டிடத்திலும் இருக்கலாம், வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு முறை வைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும், பெரிய முறை என்றால் வாசலும் நடைபாதையும் சேர்ந்து வரும். வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். 1492-லேயே ஸ்டுட்கார்ட்டில் வாரம் ஒரு தடவை அவரவர் சாணக் குப்பையை வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து வருகிறது இது.

ஐந்து வயதிலிருந்து வாசல் கூட்டியவள் நான். தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் துடைப்பத்தை வாங்கி, படியின் ஓரத்தை, அந்த மூலையை, எப்படிக் கூட்ட வேண்டும் என்று செய்து காட்டினார். மரக் கைப்பிடியை விரலால் தடவிக் காட்டினார், ஜன்னல் திண்டையும் காட்டினார். அதையும் துடைக்க வேண்டும். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. அடுத்த முறை என் மூலைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். என் கணவர் இல்லாமல், என்னை மட்டும் பார்த்து, இந்த ஊரில் ஒருவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம்தான் அந்தக் கட்டிடத்துக்குள் நுழையும்போது எனக்குக் கால் கூசவில்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சாதாரணமாகத் துணைவர் விசாவில் வருகிறவர்கள் ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் பரீட்சை எழுதிவிட்டு வர வேண்டும். நான் நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் அழுதுகொண்டே படித்தது அதற்காகத்தான். ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கு அந்தப் பரீட்சை வேண்டியதில்லை. அதைச் சலுகை என்கிறார்கள், விசா சீக்கிரம் கிடைக்கிறது என்ற அளவில் சலுகைதான், ஆனால் ரொட்டிக் கடையில் வாய் திறக்க முடியாமல் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அதுவேதான். ஒருங்கிணைப்புப் படிப்பு என்று அரசாங்கம் நடத்துகிறது, 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டைப் பற்றி. குடும்பத்தோடு சேர வந்தவர்களுக்கு முதல் தங்கும் அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அதில் சேரக் கேட்க உரிமை உண்டு, அது தாண்டினால் அந்த உரிமை போய்விடும். உங்கள் தங்கும் அனுமதி அட்டையில் என்ன தேதி என்று எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள், நீங்களே போய்க் கேளுங்கள். ஆன்லைனில் படித்துக்கொள்கிறேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வகுப்பின் பலன் பாதி இலக்கணம் என்றால் மீதிப் பாதி, காலை எட்டே காலுக்கு நீங்கள் தலை வாரி, கோட்டு மாட்டி, பஸ் பிடித்து ஓர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது. ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். என் பக்கத்தில் அலெப்போவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளும் உங்களைப் போலக் கணக்கு டீச்சர்தான். எங்கள் இருவருக்கும் சேர்த்து நூறு ஜெர்மன் சொல் தெரியாது, ஆனால் வகுத்தல் கணக்கை அவள் ஊரில் எப்படிப் போடுவார்கள் என்று நோட்டில் எழுதிக் காட்டினாள், நான் நம் முறையை எழுதினேன்.

டீச்சர் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த ஆறு வருடத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை அல்லவா? உங்கள் விசாவில் நாளைக்கே வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அரசுப் பள்ளியில் முழு ஆசிரியர் ஆவது நீண்ட பாதை, பொதுவாக இரண்டு பாடங்கள் படித்திருக்க வேண்டும், மொழியும் நன்றாக வேண்டும், சான்றிதழ்களை அங்கீகாரத்துக்கு அனுப்ப வேண்டும். அதை இப்போதே நினைத்து மலைக்காதீர்கள். இந்த நாட்டில் 2026 ஆகஸ்டிலிருந்து ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, பிள்ளைகளுக்கு மதியத்துக்குப் பிறகும் பள்ளியில் பராமரிப்பு என்பது சட்டப்படி உரிமை. அதற்கு ஆட்கள் தேவை, வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்ய ஆட்கள் தேவை. பி1 என்ற நடு நிலை மொழிப் பரீட்சை முடித்ததும் பக்கத்துப் பள்ளியில் போய்க் கேளுங்கள். எண்களுக்கு மொழி குறைவாகத்தான் வேண்டும்.

இருட்டுக்கு நான் செய்வது ஒன்றுதான், பன்னிரண்டு மணி வாக்கில் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரம் வெளியே நடக்கிறேன். டிசம்பர் மூன்றாம் வாரம் தாண்டியதும் பொழுது திரும்பிவிடும், ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கூடவே காலையும் மாலையும் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள். நாம் இட்லியும் ரசமுமாக ஆவி விட்டுச் சமைக்கிறோம், குளிர் என்று மூடியே வைத்தால் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பூத்துவிடும். எங்கள் முதல் குளிர்காலத்தில் பூத்தது, வீட்டுக்காரரோடு பெரிய மனவருத்தம் ஆனது.

அப்புறம், ரயிலடிப் பக்கம் ஈழத்தமிழர் கடை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், சனிக்கிழமை அவரோடு போகாமல் நடுவாரத்தில் நீங்களாகப் போங்கள். நான் முதலில் போன கடையில் முருங்கைக்காயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அந்த அம்மா, "எப்ப வந்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டார். மூன்று வாரமாக வீட்டிலும் போனிலும் மட்டும் கேட்ட தமிழ் நேரில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. அவர் எண்பதுகளில் வந்தவர், இரண்டு பிள்ளைகளோடு முகாமில் இருந்து, ஓட்டலில் பாத்திரம் கழுவி, இந்தக் கடையைப் போட்டவர். இதே நாட்டில் ஹம் நகரத்தில் 2002-ல் எழும்பிய காமாட்சி அம்மன் கோயிலும் அவர்களைப் போன்றவர்கள் கட்டியதுதான். விமான நிலையத்தில் பூ வைத்துக்கொண்டு காத்திருக்க ஆளில்லாமல் வந்தவர்கள் எப்படி இந்த ஊரில் வேர் விட்டார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் மேல் உங்களுக்கு இருப்பது கோபமே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா, அக்கம்பக்கம், ஸ்டாஃப் ரூம், பஸ்ஸில் வழக்கமாக உட்காருகிற சீட்டு, நாற்பது பிள்ளைகள், இத்தனையையும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நிற்கிற ஒரு மனிதரிடம் தேடுகிறீர்கள். அவரால் முடியாது, யாராலும் முடியாது. அவரிடம் "எனக்காகச் செய்யாதே, எப்படிச் செய்வது என்று ஒரு தடவை காட்டு, அப்புறம் விட்டுவிடு" என்று சொல்லுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். அம்மாக்கள் முதலில் உனக்கென்னடி குறை என்பார்கள், அப்புறம் இரவெல்லாம் தூங்காமல் யோசித்து மறுநாள் அவர்கள் வாழ்க்கைப்பட்டு வந்த கதையைச் சொல்வார்கள். என் அம்மா அந்த உப்புத் தண்ணீர்க் கதையை எனக்கு முழுதாகச் சொன்னது அப்படித்தான், போனில்.

இதைப் படிக்கிற வேறு ஒருத்திக்காக இரண்டு வரி. வீட்டில் அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கணவரோடு மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் தனியாகவும் தங்கும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு, வன்முறை இருந்தால் அந்த மூன்று வருடக் கணக்கிலிருந்தும் விலக்கு கேட்கலாம். 116 016 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை, பெயர் சொல்ல வேண்டாம்.

தங்கைக்குத் திரும்ப வருகிறேன். எப்போது என் வீடாகும் என்று கேட்டீர்கள். எனக்குத் தேதி நினைவில்லை, ஆனால் நான்காவது வருடம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, விமானத்திலேயே, இந்த வாரம் பலகை நம் வீட்டில்தானே, பாட்டி இந்நேரம் பார்த்திருப்பாரே என்று பதறினேன். அந்தப் பாட்டி இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். போன மாதம் இரண்டாம் மாடிக்குக் கொலம்பியாவிலிருந்து ஒரு சின்ன ஜோடி வந்திருக்கிறது. பலகையை மாட்டுவதற்கு முன்னால் பெல் அடித்தேன்.

உங்கள் அட்டையில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று நாளைக்கே எழுதுங்கள். படிவத்தில் எந்தக் கேள்வி புரியாவிட்டாலும் படம் எடுத்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா