எது நல்ல ஜவ்வரிசி?

அன்புள்ள ஐயா,

ஆத்தூர் அருகே உள்ள எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையை அப்பாவுக்குப் பிறகு நான் நடத்தி வருகிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்திருந்தார்கள். ஜவ்வரிசியின் வெண்மையைக் கேமரா பார்த்துத் தரம் பிரிக்கும், சந்தை விலையைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லும், ஆட்களைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் தரம் தெரியுமா என்று எங்கள் மேஸ்திரி கோபப்படுகிறார். இப்போது மாறாவிட்டால் ஆலையை மூட வேண்டியதுதான் என்கிறான் தம்பி. புதுமை செய்பவரே தலைவர் என்று எங்கும் படிக்கிறேன். நான் என்ன செய்வது?

ஆத்தூர் வாசகி
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

அவர்கள் காட்டியவற்றில் என்னை மிகவும் உறுத்துவது அந்தக் கேமராதான். அதற்குத் தானாக எதுவும் தெரியாது. ஏராளமான படங்களைக் காட்டி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பையே அது சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும். பளிச்சென்ற வெண்மையே முதல் தரம் என்று கற்ற கேமரா, ரசாயனம் போட்டு வெளுத்த சரக்கைத்தான் மேலே ஏற்றும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து எடுத்த மாவுப்பாலை ஒழுங்காகக் கழுவி, தொட்டியில் தெளியவைத்து, வெயிலில் காயவைத்த இயல்பான நிறமுள்ள ஜவ்வரிசியைக் கீழே தள்ளும். வெள்ளை கேட்கும் சந்தைக்காக ரசாயனம் கலந்தவர்களால் நம் மாவட்டத்து ஆலைகள் அனைத்துக்கும் வந்த கெட்ட பெயரை நீங்கள் அறிவீர்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அதே தவற்றை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

எது நல்ல சரக்கு என்பதை முடிவுசெய்வது உங்கள் வேலை. அதை விற்பனைக்கு வந்தவரிடம் விட்டுவிட்டால், எவ்வளவு புதிய கருவியை வாங்கினாலும் ஆலையின் தலைமை உங்களிடம் இல்லை. மேஸ்திரியை அழைத்து உட்காரவைத்து, உங்கள் ஆலைச் சரக்கின் படங்களுக்கு அவரையே தரம் குறிக்கச் சொல்லுங்கள். ஆய்வகச் சோதனை முடிவுகளையும் உடன் சேருங்கள். கையில் எடுக்கும்போது அவர் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஈரத்தை உணர்கிறார், மணியை நசுக்கிப் பார்க்கிறார். அதில் எது கேமராவுக்கு எட்டும், எது எட்டாது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் உங்கள் ஆலையில் இல்லை.

உங்கள் தொழிலே அப்படிப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோன நேரம். மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியாருக்கு, பினாங்கிலிருந்து திரும்பிய போபட்லால் ஷாவின் பழக்கம் கிடைத்தது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரியும். 1943இல் சேலத்தில் குடிசைத் தொழிலாகவே தொடங்கினார்கள். அதை ஆலைத் தொழிலாக வளர்த்ததில் வெங்கடாசலக் கவுண்டர் என்ற உள்ளூர் மெக்கானிக்குக்குப் பெரும் பங்கு உண்டு. வியாபாரம் தெரிந்தவர், செய்முறை தெரிந்தவர், இரும்பு தெரிந்தவர் என மூவரும் ஒன்றுகூடியதால் நடந்தது அது. உங்கள் மேஸ்திரியை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் புதுமையை நான் நம்ப மாட்டேன்.

என்னைக் கேட்டால், புதுமை முதலில் வர வேண்டிய இடம் ஆலையின் வாசல். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் (விலையை முடிவுசெய்யும் சத்து அளவு) என்பதில் விவசாயிக்கும் ஆலைக்கும் எத்தனை வருடத்துச் சண்டை! சத்து அளப்பதை விவசாயியின் கண்ணெதிரே செய்து, அளவை அவர் பார்க்கும் திரையில் காட்டி, அந்த நொடியே அவர் கைபேசிக்கு அனுப்புங்கள். இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூட அதிகம் வேண்டாம். ஆனால் நேர்மையாகச் சேர்ந்த இந்த அளவுகள் சில பருவங்களுக்குப் பிறகு எந்த ரகம், எந்த மண், எந்த மாத அறுவடை எவ்வளவு சத்துத் தரும் என்று கணிக்க உதவும். அந்தக் கணிப்பு விவசாயிக்கும் போய்ச் சேர வேண்டும்.

அளவு தவறானால் 'இயந்திரம் அப்படித்தான் காட்டியது' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. ஏர் கனடாவின் இணையதளத்தில் பதில் சொல்லும் மென்பொருள், பாட்டியை இழந்த ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. மென்பொருள் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியதை, 2024 பிப்ரவரியில் கனடாத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இழப்பீடு தரச் சொன்னது.

விலைக் கணிப்பை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம். விரத காலத்தில் வட மாநிலங்களில் ஜவ்வரிசிக்கு எழும் தேவை ஆண்டுதோறும் வருவது, அதை அது கற்கும். மரவள்ளி மாவுக்குப் போட்டியான மக்காச்சோள மாவின் விலை திடீரென்று சரிந்தால் பழைய கணக்கை மட்டும் கற்ற கருவி தடுமாறும். கையிருப்பு முழுவதையும் அதை நம்பி வைத்திருக்காதீர்கள்.

ஆட்குறைப்பை இந்தப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். வேலை போகும் என்று பயப்படுகிறவர் தனக்குத் தெரிந்ததை எந்த இயந்திரத்துக்கும் மனமுவந்து சொல்லித்தர மாட்டார். ஒரு பருவத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை என்று எல்லோரையும் கூட்டி நீங்களே சொல்லுங்கள். கேமராவின் தீர்ப்பும் மேஸ்திரியின் தீர்ப்பும் எங்கே வேறுபடுகின்றன என்று அந்தப் பருவம் முழுவதும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தம்பியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அவருடைய ஆர்வத்துக்கும் வேலை கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: உங்கள் ஆலையின் படங்களும் அளவுகளும் யாருக்குச் சொந்தம்? நீங்கள் விலகினால் அவற்றைத் திருப்பித் தருவார்களா, அல்லது மேஸ்திரி கற்றுக்கொடுத்ததைப் பக்கத்து ஆலைக்கு விற்பார்களா?