பற்கூச்சத்துக்கு லேசர்: வாசகர் கேள்விகளும் பல் வைத்தியரின் பதில்களும்

ஐஸ் தண்ணீர் பட்டால் இடது பக்கப் பற்கள் சுள்ளென்று கூசுகின்றன. முரசு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. கொழும்பில் லேசர் வைத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று தங்கை சொல்கிறாள். போகலாமா, டொக்டர்?
(ஆசிரியை, உப்புவெளி)

அவசரப்பட்டு பஸ் ஏறவேண்டாம். பல்லின் மேற்பகுதியை எனாமல் காக்கிறது. வேருக்கு அந்தக் காப்பு இல்லை. அதன்மீது இருக்கும் மெல்லிய படலமும் முரசு இறங்கிய பின் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்கு அடியில் உள்ள டென்டீன் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். குளிர் பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரென்ஸ்ட்ரோம் 1960களில் முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் நாங்கள் இன்றும் ஏற்றுக்கொள்கிறோம்.

லேசர் இரண்டு விதமாக வேலை செய்கிறது. குறைந்த சக்தியில் வைத்தால் நரம்பின் உணர்ச்சியைத் தணிக்கும். கூடிய சக்தியில் வைத்தால் டென்டீனின் மேற்பரப்பை இலேசாக உருக்கிக் குழாய்களின் வாயை அடைக்கும். பல்லை உலர்த்தி, எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, கருவியின் முனையை வேரருகே சிறிது நேரம் பிடிப்போம். பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. ஆனால் சூடு அளவு மீறினால் உள்ளிருக்கும் நரம்பு பாதிக்கப்படும் என்பதால் பயிற்சி பெற்ற கையால்தான் இதைச் செய்யவேண்டும்.

பலன்? சிலர் அன்றைக்கே நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். சிலர் இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கிறது. சில மாதங்களில் கூச்சம் திரும்புவதும் உண்டு. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே ‘ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வலக்கையால் பல் துலக்குபவர்களுக்கு இடது வேட்டைப்பல்லும் அதற்குப் பின்னால் உள்ள பற்களும்தான் அதிகம் அழுத்தப்படுகின்றன. கண்ணாடி முன் நின்று, முரசோரத்தில் விரல்நகத்தை வைத்து மெல்லக் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். ஆப்பு வடிவப் பள்ளம் ஒன்றில் நகம் தட்டினால் பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தால் லேசரைவிட அதை நிரப்பி அடைப்பதே நல்லது.

இல்லாவிட்டால் மென்மையான பிரஷ் ஒன்றை வாங்கி, விரல் நுனிகளால் மட்டும் பிடித்துத் துலக்குங்கள். பொட்டாசியம் நைத்திரேற்று அல்லது ஸ்டானஸ் புளோரைட் உள்ள பற்பசையைக் காலையும் இரவும் பாவியுங்கள். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்திருங்கள். அதிலும் குறையாவிட்டால் புளோரைட் வார்னிஷ் பூசலாம். அதற்குப் பிறகே லேசர். கூச்சத்தோடு வருபவர்களில் பலருக்கு லேசர் வரை போகவேண்டியே வராது.

லேசர் வைத்தால் இறங்கிய முரசு மேலே வருமா?
(கிண்ணியா)

வராது. லேசர் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வேரை மூட வேண்டுமானால் அண்ணத்திலிருந்து சிறிது சதை எடுத்து ஒட்டும் சத்திரசிகிச்சை இருக்கிறது. பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு கெடாமல் இருந்தால் அது நன்றாகப் பலன் தரும். பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் முரசு நோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் பல் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. வெற்றிலையும் புகையிலையும் போடுவார், உமிக்கரியால் பல் விளக்குவார். எல்லாப் பற்களும் கூசுகின்றன. லேசர் உதவுமா?
(மூதூர்)

உங்கள் அம்மாவுக்கு இப்போது லேசரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உமிக்கரி வேரை அரம்போல அராவுகிறது. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வெற்றிலை போடுபவர்களின் முரசடியில் காறை கட்டியாகப் படிந்திருக்கும். அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் அதை இலவசமாகவே சுத்தம் செய்துகொள்ளலாம். சுத்தம் செய்தபின் சில நாட்கள் கூச்சம் கூடும். ‘சுத்தம் செய்ததால்தான் பல் கெட்டது’ என்று அம்மா திரும்ப வர மறுத்துவிடக்கூடும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கூச்சத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாக்கும் புகையிலையும் இரண்டுமே வாய்ப் புற்றுநோயை உண்டாக்குபவை. கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்கச் சிரமம், இவற்றில் எது இருந்தாலும் உடனே கூட்டிவாருங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெயிலுக்கு நாள் முழுவதும் தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கிறேன். அதனாலும் பல் கூசுமா?
(நிலாவெளி)

கூசும். புளிப்பு எனாமலையும் டென்டீனையும் இளக்குகிறது. சிறிது சிறிதாக நாள் முழுவதும் உறிஞ்சாமல் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்துவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பல் துலக்குங்கள்.

ஒரே ஒரு கடைவாய்ப் பல் மட்டும் சூடான தேநீர் குடித்தால் வலிக்கிறது. குடித்து முடித்தும் வலி நிற்பதில்லை. இரவில் தூங்க விடுவதில்லை. லேசர் வைக்கலாமா?
(பாலையூற்று)

வேண்டாம். சாதாரணக் கூச்சம் சில வினாடிகளில் அடங்கிவிடும். சூட்டுக்கு வலித்து, நிமிடக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் கெடுத்தால் பல்லின் உள்ளே நரம்பு வீங்கியிருக்கிறது என்றுதான் சந்தேகிக்க வேண்டும். சொத்தையோ வெடிப்போ இருக்கலாம். இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர்ச் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்பு இருக்கிறது. வலி தானாக நின்றுவிட்டாலும் வாருங்கள், நரம்பு இறந்துபோனாலும் வலி நிற்கும்.